பொட்டு வைக்காத மூட்டை

ஹாரன் சத்தம் தெருவையே எழுப்பியது. சாவித்திரி அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வாசலுக்கு ஓடி வந்தாள். வந்து நின்றது போலீஸ் ஜீப். பின் சீட்டிலிருந்து முதலில் ஒரு பெரிய துணிப்பை இறங்கியது. அதன் பின்னால் மார்லீன் இறங்கினாள்.

“வணக்கம் சாவித்திரி. நான் கைது இல்லைங்க” என்றாள், மிகுந்த சந்தோஷத்தோடு.

எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றார்கள். முன் சீட்டிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் தலையை நீட்டினார்.

“யம்மா, இவங்க உங்க வீட்டுலதான் தங்கியிருக்காங்களா?”

“ஆமாங்க சார். மாடியில. என் பையனோட புரொபசர்.”

“புரொபசர்தான், இல்லேங்கல. பையைத் திறந்தா பூரா பீர் பாட்டில். காரைக்கால்லேருந்து பஸ்ஸுல தூக்கிட்டு வர்றாங்க. செக்போஸ்ட்ல என்னம்மா இதுன்னு கேட்டா, ‘ஆராய்ச்சிங்க, நீங்களும் கொஞ்சம் குடிச்சுப் பாத்துக் கருத்து சொல்லுங்க’ன்னு எங்க ஏட்டையாகிட்டயே நீட்டியிருக்காங்க.”

டிரைவர் சீட்டிலிருந்த ஏட்டையா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

“வெளியூரு, சட்டம் தெரியாதுன்னு இந்த ஒருவாட்டி விட்டாச்சு. பாட்டிலெல்லாம் அங்கேயே வாங்கி வச்சிட்டோம். அங்க குடிச்சா அங்கேயே இருக்கட்டும், இந்தப் பக்கம் கொண்டாரக் கூடாதுன்னு நல்லாச் சொல்லி வைங்க.”

“நன்றிங்க. உங்க ஜீப்பும் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க” என்று மார்லீன் கும்பிட்டாள். ஜீப் போனது. தெருநாய் ஒன்று துணிப்பையை முகர்ந்து பார்த்தது. “தள்ளிப் போங்க” என்று அதையும் மரியாதையாகவே விரட்டிவிட்டு மாடிக்குப் போனாள்.

சாவித்திரிக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

மார்லீன் பெல்ஜியத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியை. சாவித்திரியின் ஒரே மகன் நிதிஷ் அங்கேதான் அவளிடம் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறான். நிறைய வருஷம் பாடம் நடத்தினால் கொஞ்ச காலம் சம்பளத்தோடு வெளியூர் போய் ஆராய்ச்சி செய்துவிட்டு வரலாம் என்று அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டாம். அப்படித்தான் பொங்கல் முடிந்த கையோடு குத்தாலத்துக்குப் பக்கத்தில் இந்த ஊருக்கு வந்து, சாவித்திரியின் மாடியில் குடியேறினாள். நிதிஷிடமே தமிழ் பழகியிருந்தாள். அம்மாவிடம் பேசும் தமிழைத்தான் அவன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். ஆகவே ஆடு, மாடு, பஸ் கண்டக்டர் எல்லாருக்கும் ‘ங்க’தான்.

ஆராய்ச்சி என்னவோ பீர் பற்றித்தான். இது தெரிந்தபோது சாவித்திரிக்கு மயக்கமே வந்தது. திருப்பனந்தாள் மடத்துக்குத் தவறாமல் போய்வருகிற குடும்பம். மகன் ‘நொதித்தல்’ என்று சொன்னதை அவள் இட்லிமாவு சமாச்சாரம் என்று நினைத்து ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள்.

“வீட்டுல பாட்டில் கூடாதுங்க மேடம்” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

“வீட்டுல காய்ச்ச மாட்டேன். சட்டம் படிச்சுட்டுதான் வந்தேன். முளையோட நிறுத்திடுவேன்” என்றாள் மார்லீன்.

முளைதான் அவள் விஷயம். அவர்கள் ஊரில் பார்லியை நனைத்து முளைக்க வைத்து, முளை சரியான பதத்தில் இருக்கும்போது சூட்டில் காயவைத்து நிறுத்துவார்களாம். அந்த மால்ட்டிலிருந்துதான் பீர். இங்கே விவசாயிகள் விதைநெல்லை நனைத்து, வைக்கோலில் மூடி முளைகட்டுவதும் கிட்டத்தட்ட அதே வேலை. விவசாயி விதைக்கும் அந்தச் சின்ன முளைப் பதத்திலேயே நெல்லை நிறுத்தினால் என்ன சுவை கிடைக்கும்? இதைத்தான் அவள் ஒவ்வொரு ரக நெல்லாக முளைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் என்று பஸ்ஸில் சுற்றுவாள். சனிக்கிழமையானால் காரைக்கால். அங்கே பீரையும் கள்ளையும் குடித்துப் பார்த்துவிட்டு வந்து சாவித்திரியிடம் விவரம் சொல்வாள்.

“பீருக்கு எல்லாம் பேருதான் வேற வேற. உள்ள ஒரே சர்க்கரைத் தண்ணி. கள்ளு மட்டும் உயிரோட இருக்குங்க.”

“ஐயோ, மெதுவா! கள்ளுன்னு வாசல்ல நின்னு சொல்லாதீங்க.”

சத்தம் போட்டாலும் சாவித்திரிக்கு அவளைப் பிடித்திருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண் ஒருத்தி, யாரிடமும் கேட்காமல் பஸ் ஏறி நினைத்த ஊருக்குப் போய்வருவதைப் பார்க்கப் பார்க்க, அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. சித்திரை மாதத்தில் கணவன் துரைராசுவிடம் அவள் வாய் திறந்து கேட்டதற்கு அதுதான் காரணமாக இருக்கவேண்டும்.

துரைராசு குவைத்தில் சூப்பர்வைசர். ஊரில் இருப்பது மூன்று மா நிலம், ஏறக்குறைய ஓர் ஏக்கர். இத்தனை வருஷமாக அவனுடைய பங்காளி உத்திராபதிதான் பார்த்துக்கொண்டார். இந்த வருஷம் அதை முறையாகக் குத்தகைக்கே அவருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்றான் துரைராசு. சாவித்திரி, “இந்தக் குறுவையை மட்டும் நான் செஞ்சு பாக்குறேங்க” என்றாள்.

“உனக்கு என்ன தெரியும்?”

“நாத்து விடத் தெரியும், களை எடுக்கத் தெரியும், ஆளுக்குச் சோறு ஆக்கத் தெரியும். கூலி பேசறது ஒண்ணுதான் பாக்கி.”

“சரி. இந்த ஒரு போகம். இதுல ஏதாவது சொதப்பினா மறுபேச்சு பேசாம உத்திராபதிகிட்ட விட்டுடணும்” என்றான்.

அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு போகம்.

ஜீப் வந்துபோன மறுநாள் விதை நனைக்கும் நாளாக அமைந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்காலை உழுது, வரப்போரம் செதுக்கி அண்டை கழித்து, பரம்படித்துச் சமன் செய்தாகிவிட்டது. வேளாண் டிப்போவில் வரிசையில் நின்று வாங்கிய கோ 51 விதை ஒரு மூட்டை. மார்லீனும் ஒரு மூட்டை கொண்டுவந்தாள். பூங்கார். உமிக்குள்ளே சிவப்பாக அரிசி வைத்திருக்கும் பழைய ரகம். இதுவும் குறைந்த நாளில் விளைவதுதான்.

“இதுதான் என்னோட கடைசி மூட்டை. அடுத்த வாரம் பிளைட்டு. சிவப்பு பீருக்கு இதைத்தான் நம்பியிருக்கேன். உங்க விதைக்கு என்ன செய்யறீங்களோ அதே மாதிரி இதுக்கும் செய்யணும். ஒரே தண்ணி, ஒரே வைக்கோல்.”

இரண்டு கோணிகளும் ஒரே கட்டிலிருந்து எடுத்தவை. ஊறி வடிந்தபின் எது எது என்று தெரியாது. மார்லீன் மார்க்கர் பேனாவை எடுத்தாள்.

“விதை மூட்டையில பேனாவால கிறுக்கக் கூடாதுங்க மேடம். எப்படியும் நான் மஞ்சள் குழைச்சுக் குங்குமம் வைப்பேன். பொட்டு வச்சது என்னுது, வைக்காதது உங்களுது.”

“அழகான அடையாளம்” என்றாள் மார்லீன்.

இரவெல்லாம் ஊறிய மூட்டைகளைக் காலையில் தூக்கி வடியவிட்டு, மாடு இல்லாத கொட்டகையில் வைக்கோல் பரப்பி அதன்மேல் கிடத்தினார்கள். மார்லீன் குளிக்கப் போனாள். சாவித்திரி மஞ்சள் குங்குமத் தட்டோடு வந்து நின்றாள்.

இரண்டு மூட்டையும் அக்கா தங்கை மாதிரி பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்றுக்குப் பொட்டு வைத்து இன்னொன்றை மொட்டையாக விட அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்தவர்களின் மூட்டை. அதிலும் விதை. அவள் யோசித்தாள். விருந்தாளி மூட்டைக்கு ஒரு பொட்டு, நம்முடையதற்கு மூன்று பொட்டு. அடையாளத்துக்கு அடையாளமும் ஆயிற்று, மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று. குளித்துவிட்டு வந்ததும் அவர்களிடம் சொல்லிவிடலாம்.

விருந்தாளிக்குத்தானே முதலில்? கோணி வாயைப் பிரித்து எது என்று பார்த்துக்கொண்டு, பூங்கார் மூட்டைக்கு மஞ்சளைத் தடவி, நடுவில் குங்குமம் வைத்தாள்.

அப்போது போன் அடித்தது.

“போலீஸ் ஜீப்பு வந்துச்சாமே வீட்டுக்கு!” என்று ஆரம்பித்தான் துரைராசு. “உத்திராபதி சொல்றான். பாட்டில் பாட்டிலா பிடிச்சாங்களாமே? ஊருல என் பேரு என்ன ஆவுறது?”

“அப்படியெல்லாம் இல்லைங்க. நான் சொல்றதைக் கேளுங்க...”

“இதுல நீ வெவசாயம் வேற பாக்குறியா? ஒழுங்கா நிலத்தை அவன்கிட்ட குடுத்தா போகத்துக்குப் போகம் குத்தகை வந்துடும், கவலை இல்லாம இருக்கலாம். நிச்சயமான வழின்னு ஒண்ணு இருக்கா இல்லையா?”

அவள் பேசிப் பேசி, கொட்டகையிலிருந்து வாசலுக்கு வந்து, வாசலிலிருந்து கொல்லைக்குப் போய், அழுகையை அடக்கி, போனை வைத்தாள். திரும்ப வந்தவள், கோபத்தோடு இரண்டு மூட்டைகளையும் வைக்கோலால் மூடி, மேலே ஈரச்சாக்கைப் போட்டுக் கல்லையும் தூக்கி வைத்தாள். போனை எடுக்கும்போது வைத்த குங்குமத் தட்டு மாடத்திலேயே இருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் முளை விட்டுவிட்டது. காலையில் சாவித்திரி வயலுக்குப் போய்விட்டாள். முறைத் தண்ணீர் அன்று சாயங்காலம்வரைதான் அவர்கள் பக்கம். அதற்குப் பிறகு மதகை மாற்றிவிடுவார்கள். பம்புசெட் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. அவளிடம் அது கிடையாது. நாற்றங்காலில் தண்ணீர் கட்டி, சேறு தெளியக் காத்திருந்துவிட்டு, முளையை எடுத்துப்போக வீட்டுக்கு வந்தாள்.

கொட்டகையில் ஒரு மூட்டைதான் இருந்தது. மார்லீன் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் போலிருக்கிறது. சூடேற்றுவதற்கு அவள் எப்போதும் கூத்தாநல்லூருக்குத்தான் போவாள். அங்கே மீரா உசேன் என்பவரின் பேக்கரி. காலை ரொட்டி முடிந்தபின் அடுப்பில் மிச்சமிருக்கிற சூடு நெல்லைக் காயவைக்கச் சரியாக இருக்குமாம்.

சாவித்திரி வைக்கோலை விலக்கினாள்.

மஞ்சள். நடுவில் ஒரே ஒரு பொட்டு.

அவசரமாகக் கோணியின் வாயைப் பிரித்துக் கையை விட்டாள். வெதுவெதுப்பாக, வெள்ளை முளையோடு உள்ளங்கையில் வந்தது குண்டு நெல். ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். சிவப்பு.

அப்படியானால் அங்கே போனது?

போனை எடுத்து மார்லீனை அழைத்தாள். “நீங்கள் அழைத்தவர் வேறொரு அழைப்பில் உள்ளார்.” மறுபடி அழைத்தாள். அதே குரல். அந்த நேரத்தில் கூத்தாநல்லூரிலிருந்து மார்லீன் சாவித்திரியைத்தான் அழைத்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ஒருவழியாக லைன் கிடைத்தபோது மார்லீனின் குரல் உடைந்திருந்தது.

“சாவித்திரி, கடையில ஆளுங்க தட்டுல பரப்பி அடுப்புக்குள்ள வச்சுட்டாங்க. நான் மாடியில பாய் வீட்டு கமருன்னிஸா அம்மாவோட டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். இறங்கி வந்து கடிச்சுப் பாத்தா வெள்ளை. பொட்டு இல்லாததைத்தான் எடுத்தேன். சத்தியமா பொட்டு இல்லை.”

“இல்லைதான் மேடம்” என்றாள் சாவித்திரி. “நான்தான் வைக்கலை. விதை...”

“செத்துப்போச்சு” என்றாள் மார்லீன். தெரிந்த தமிழில் வேறு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

“பரவாயில்லைங்க. நீங்க மெதுவா வாங்க.” போனை வைத்துவிட்டுக் கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

டிப்போவில் கோ 51 தீர்ந்துவிட்டது என்று முந்தாநாளே பலகை எழுதி வைத்துவிட்டார்கள். கடையில் கிடைத்தாலும் ஊறவைத்து முளைகட்டுவதற்குள் தண்ணீர் அடுத்த பக்கம் போய்விடும். கண் முன்னால் ஒரு மூட்டை விதை, பதமான முளையோடு, கையால் தொட்டால் சூடாகக் கிடக்கிறது. ஆனால் அது அவளுடையது இல்லை.

நிதிஷுக்குப் போன் போட்டாள். அங்கே காலைப் பொழுது. தூக்கக் கலக்கத்தில் கேட்டவன், விஷயம் புரிந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

“அம்மா, அதுல கையை வச்சிடாதே. அது அவங்களோட கடைசி பேட்ச். அதுக்காகத்தான் லீவு போட்டு அங்க வந்திருக்காங்க. என் தீசிஸுல கையெழுத்துப் போட வேண்டியவங்கம்மா!”

“நான் என்ன திருடவா போறேன்? கேட்கலாமான்னுதான்...”

“கேட்கவும் கேட்காத. நீ கேட்டா அவங்க இல்லேன்னு சொல்ல மாட்டாங்க. அதான் பயம்.”

சாவித்திரி வெறுங்கையோடு வயலுக்கு நடந்தாள். வரப்பில் உத்திராபதி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

“என்னம்மா, விதையை ரொட்டிக் கடைக்கு அனுப்பிட்டியாமே?”

“தவறிப்போச்சு மாமா.”

“போவட்டும் விடு. நீ என்ன பண்ணுவ. துரைராசு அப்பவே சொன்னான்.” அவர் குரலில் வன்மம் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. “தெளிஞ்ச சேறு வீணாப் போவுது பாரு. எங்கிட்ட முளை கட்டினது மிச்சம் கிடக்கு. கொண்டாந்து தெளிச்சுடறேன். துரைராசுகிட்ட நானே பேசிக்கிறேன், நீ கவலைப்படாம வீட்டைப் பாரு.”

அவர் விதை விழுந்தால் அது அவர் நாற்று. அவர் நாற்று நட்டால் அது அவர் போகம். இரண்டு பேருக்குமே அது தெரியும்.

“கொஞ்சம் பொறுங்க மாமா.”

“எதுக்குப் பொறுக்கிறது? மதகு மாறப்போவுது.”

“பொறுங்கன்னா பொறுங்களேன்!” என்றாள் சாவித்திரி. சொன்ன பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது.

எதற்காகப் பொறுக்கச் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. நாற்றங்காலின் தண்ணீரில் மேகம் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துச் சாலையில் பேக்கரி வேன் ஒன்று வந்து நின்றது. மார்லீன் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் தொப்பியைச் சரிசெய்தபடி மீரா உசேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கோணி. வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். மஞ்சளும் பொட்டும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

“சாவித்திரி, இதைப் போடுங்க” என்றாள் மார்லீன் மூச்சிரைக்க.

“மேடம், வேணாம். உங்க ஆராய்ச்சி...”

“நான் பதினஞ்சு வருஷமா முளையைக் கொல்றேங்க. கொன்னாத்தான் எனக்கு வேலை. ஒரு தடவை வளர விட்டா என்ன ஆயிடும்? செத்த விதை எனக்கு இருக்கு. உங்க கோ 51, அழகா வறுபட்டிருக்கு. நான் அதைக் கொண்டுபோறேன்.”

“அது சிவப்பு இல்லையே!”

“அப்ப என் பீர் வெள்ளையா இருக்கும். பீருக்குக் கோபம் வராதுங்க.”

உத்திராபதி சிரித்துவிட்டார். பிறகு கோணியில் கைவிட்டுப் பார்த்தார். “முளை நல்லாத்தான் இருக்கு. ஆனா பூங்காரை விளைய வச்சு எங்க கொண்டு போடுவ? செவப்பு நெல்லை இங்க கொள்முதல்ல எடுக்க மாட்டாங்க. வியாபாரியும் வாசலுக்கு வர மாட்டான். வெளைஞ்சும் பிரயோசனம் இல்லாமப் போவும்.”

அவர் சொன்னது நிஜம்.

மீரா உசேன் தொண்டையைச் செருமினார். “நான் ஒண்ணு சொல்லலாமா தங்கச்சி? காலையில அந்த நெல்லு அடுப்புக்குள்ள இருக்கும்போது கடைக்கு வந்தவன் பூரா, ‘பாய், புதுசா என்ன பிஸ்கட்டு?’ன்னு கேட்டுட்டுப் போறான். இந்த அம்மா மூட்டை மூட்டையா எங்கிட்ட கொண்டாந்து வறுத்து எடுத்துட்டுப் போனாங்களே, அஞ்சு மாசத்துல ஒரு நாளாவது எனக்கு மூளை வேலை செஞ்சுதா? இன்னைக்குத்தான் ஒரு கைப்பிடி இடிச்சு மாவுல கலந்து பன்னு போட்டேன். இந்தா.”

சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பன்னை எடுத்து நீட்டினார். சாவித்திரி பிட்டு வாயில் போட்டாள். வெல்லம் போடாத இனிப்பு, வறுத்த வாசனை. தன் விதைநெல்லைத் தானே தின்கிறோம் என்ற நினைப்பு வந்தது. ஆனாலும் நன்றாக இருந்தது. இன்னொரு வாய் பிட்டுக்கொண்டாள்.

“வெள்ளையிலயே இப்படின்னா செவப்புல எப்படி இருக்கும்? வெளைய வை. முளைகட்டிக் குடு. நான் எடுத்துக்கிறேன். மொத்தத்தையும் எடுப்பேன்னு இப்பவே சொல்ல மாட்டேன், ஓடுற வரைக்கும் எடுக்கிறேன்.”

“பீருக்கு இல்லையே பாய்?” என்று கேட்டார் உத்திராபதி.

“அஸ்தஃபிருல்லா!” என்று காதைப் பொத்திக்கொண்டார் மீரா உசேன். “நான் பன்னுக்காரன்யா.”

வழக்கமாக விதை தெளிப்பது ஆம்பிளைகள்தான். சாவித்திரி யாரையும் கேட்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்றங்காலில் இறங்கினாள். மார்லீன் கூடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கி, இரண்டாம் அடியிலேயே முழங்கால்வரை புதைந்தாள். முதல் கை விதை ஓரிடத்திலேயே கொத்தாக விழுந்தது.

“விரலை விரிச்சு வீசணும், கையை வீசக் கூடாது” என்று வரப்பிலிருந்து கத்தினார் உத்திராபதி. இரண்டாவது கை கொஞ்சம் பரவியது. நாலாவது, ஐந்தாவதில் கை பழகிவிட்டது. மார்லீன் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள்.

“நல்லா வளருங்க” என்றாள் விதைகளிடம்.

அடுத்த வாரம் அவள் விமானம் ஏறினாள். வறுத்த கோ 51 அவளுடைய பெட்டியில் போனது. செக்போஸ்டில் பாட்டிலுக்காகப் பிடிபட்டவளை, விமான நிலையத்தில் நெல்லுக்காகப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஆராய்ச்சிக் காகிதங்களைக் காட்டி, கடைசி ஆளாக ஓடி ஏறினாளாம்.

குறுவை வளர்ந்தது. பூங்கார் உயரமாக வளர்கிற ரகம். ஆவணியில் அடித்த காற்றில் ஒரு மூலை சாய்ந்தது. உத்திராபதியே வந்து நாலு நாலு தூராகச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். “எம் பேரைக் காப்பாத்தத்தான் செய்யறேன். பங்காளி வயல் சாஞ்சு கிடந்தா என்னைத்தானே பேசுவாங்க” என்று சொல்லிக்கொண்டார். அறுத்தபோது அவருடைய கோ 51 அளவுக்கு விளைச்சல் இல்லை. அதைச் சாவித்திரி மறைக்கவும் இல்லை. விதைக்கு எடுத்து வைத்தது போக, ஒரு பங்கைக் கொட்டகையில் முளைகட்டி வேனில் ஏற்றினாள். கூத்தாநல்லூரில் ‘சிவப்பு பன்’ காலையிலேயே தீர்ந்துபோவதாக மீரா உசேன் போனில் சொன்னார். அடுத்த வேன் எப்போது என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிதிஷ் வீடியோவில் வந்தான். பக்கத்தில் மார்லீன். கையில் உயரமான கண்ணாடித் தம்ளர். உள்ளே வைக்கோல் நிறத்தில் பீர், மேலே நுரை.

“சாவித்திரி, உங்க கோ 51! அஞ்சு மாசத்துல நான் செஞ்ச எல்லாத்தையும்விட இதுதான் நல்லா வந்திருக்கு. தப்பா எடுத்த மூட்டை! எப்படி எழுதறதுன்னுதான் தெரியலை.”

“உள்ளதை உள்ளபடி எழுதுங்க மேடம். வீட்டுக்காரி பொட்டு வைக்க மறந்துட்டான்னு எழுதுங்க.” அவள் கண் மகன் பக்கம் போனது. “நிதிஷ், உனக்கு முன்னாடி இருக்கிற தம்ளர் யாருது?”

“இது... மேடத்தோடதும்மா.”

“அவங்க கையில ஒண்ணு இருக்கே.”

“அவங்க ரெண்டு குடிப்பாங்கம்மா” என்றான் நிதிஷ். மார்லீன் சிரித்துச் சிரித்துத் திரைக்கு வெளியே போய்விட்டாள்.

சாயங்காலம் துரைராசு கூப்பிட்டான். சாவித்திரி தயாராகத்தான் இருந்தாள். விளைச்சல் குறைவு என்று உத்திராபதி சொல்லியிருப்பார். ஒரு போகம் என்று சொன்ன கெடுவும் முடிந்துவிட்டது. சம்பா நடவுக்கு ஆள் பேசவேண்டும். அதற்குள் அவன் வாயிலிருந்து ‘குத்தகை’ வந்துவிடும். அவள் முந்திக்கொண்டாள்.

“வெளைச்சல் கம்மிதாங்க. இல்லேன்னு சொல்லலை. ஆனா எடுக்க ஆள் இருக்கு. சம்பாவும் நானே போடறேன். என்ன சொன்னாலும் நிலத்தை விடறதா இல்லை.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“பின்ன என்ன யோசனை?”

“உத்திராபதி பேசினான். ‘எனக்குக் குத்தகை வேணாம்டா, அவ நல்லாத்தான் பாக்குறா’ன்னான்.”

குவைத்தில் ஏதோ ஒரு தெருவில் வண்டிகள் போகிற சத்தம் கேட்டது. “என்னங்க, இருக்கீங்களா?” என்றாள்.

“இருக்கேன். இங்க வருஷக் கடைசியோட ஆளைக் குறைக்கிறாங்க சாவித்திரி, சித்திரையிலயே என் பேரைச் சொல்லிட்டாங்க, அந்தப் பயத்துலதான் குத்தகை குத்தகைன்னு உன்னைப் போட்டு அரிச்சேன்... உன் வயல்ல எனக்கு ஒரு வேலை போட்டுத் தருவியா?”